வலது பின்சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ஃபிட்டர் காருக்குப் பின்னால் குந்திவிட்டார். மூன்று மணிக்கு மகள் கிளம்ப வேண்டும். அதற்குள் வலது பின்சக்கரத்தின் பேரிங்கை மாற்றி, சத்தமில்லாமல் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டால், மகளையும் பத்து மாசப் பேத்தியையும் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாப்பிள்ளை வீட்டில் அவரே கொண்டுபோய் விடலாம். சத்தம் நிற்காவிட்டால் மாப்பிள்ளை ஏற்பாடு செய்திருக்கும் வாடகைக் கார் வரும். மகள் இதில் வளவளவென்று பேசவில்லை.

"அந்த ஊளைச் சத்தத்தோட கைக்குழந்தையைத் தூக்கிட்டு நெடுஞ்சாலையில வரமாட்டேன்பா. சத்தம் போச்சுன்னா உங்க வண்டி. போகலைன்னா அவர் அனுப்புற வண்டி."

"போகும். என்ன சத்தம், எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியாதா என்று கேட்டாரே, அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கவே கூடாது. முப்பத்திரண்டு வருஷம் பாட்டில் தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு. ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மெஷின்மேல் வைத்து, அதன் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். மூன்றாவது ரோலர், உள்பக்கம், இன்னும் பத்து நாள் தாங்கும் என்பார். பத்தாவது நாள் அது போகும். தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே 'காது'தான். "காதைக் கூப்பிடுங்கப்பா" என்றால் அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வருவார். அந்தப் பெயரில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அந்தக் காதில் பாதி செத்து நாலு வருஷம் ஆகிறது. பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதும் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்றால் எந்தக் காதுதான் தாங்கும்? ஒருநாள் இடது காதில் ஃபோனை வைத்தார், மறுமுனையில் ஆளே இல்லை. ஃபோன் கெட்டுப்போச்சு என்று நேராகப் பழுதுபார்க்கும் கடைக்குப் போனார். கடைப் பையன் ஃபோனைத் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்றான். ஃபிட்டர் அதை வாங்கி வலது காதில் வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. காது என்று பெயர் வாங்கின மனுஷன், காது கேட்கவில்லை என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்?

அன்றிலிருந்து ஒரு வித்தை பழகிக்கொண்டார். இடது பக்கத்திலிருந்து யாராவது பேசினால் அவர்கள் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பார். உதடு நின்றதும் இரண்டு தடவை மெல்லத் தலையாட்டுவார். கொஞ்சம் பொறுத்து ஒரு "ம்". அவ்வளவுதான். ஊர் உலகமெல்லாம் இதற்குமேல் ஒரு பதிலை அவரிடம் எதிர்பார்த்ததில்லை என்பதைக் கண்டுபிடித்தபோது அவருக்கே ஆச்சரியம். அதிகம் பேசமாட்டார், நல்ல மனுஷர் என்று பெயர்கூட வந்தது.

மனைவி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு வருஷம் இருக்கும். "காது டாக்டரை ஒருதரம் பாத்துட்டு வந்துடலாமா?" என்று வலது பக்கமாக நின்றே கேட்டாள். வந்ததே கோபம்! "யாருக்கு? எனக்கா? என் காதுக்கா?" என்று தண்ணீர் சொம்பை நங்கென்று தரையில் வைத்தார். சொம்பு நசுங்கியது. எட்டு நாள் பேசவில்லை. அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தச் சொம்பு இன்னும் நசுங்கினபடியே சமையலறையில் இருக்கிறது.

இப்போது காருக்கு வருவோம். அந்தக் காரில் ஸ்டியரிங் வலது பக்கம். ஃபிட்டரின் கேட்கிற காது ஜன்னல் பக்கம், கேட்காத காது மனைவி உட்காரும் பக்கம். மூன்று வாரமாக வேகம் நாற்பதைத் தாண்டினால் பின்னாலிருந்து 'ஊம்' என்று ஓர் உறுமல். அறுபதில் அது வண்டியையே நிறைத்தது. ஃபிட்டர் ஜன்னலை இறக்கி, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார். வலது பின்சக்கரம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அவருக்கு உலகத்தில் எந்தச் சத்தமும் வலது பக்கத்திலிருந்துதான் வரும். நாலு வருஷமாக அப்படித்தான். இது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிகிற இடத்தில் அதை வைக்காமல் எங்கேயோ ஒளித்து வைத்திருந்தார்.

இதைச் சரிபார்க்கப் பெரிய வித்தையொன்றும் வேண்டாம். பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிவிட்டு, அதன் சுருள்வில்லில் விரலை வைத்தால் போதும். எந்தப் பக்கம் நறநறக்கிறது என்று விரலே சொல்லிவிடும். ஐந்து நிமிஷ வேலை. தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவன் இதைச் செய்யாமல் பேரிங்கைக் கழற்றினால், அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். தன் காருக்கு மட்டும் செய்யவில்லை. விரலை வைத்துப் பார்த்தால் காதைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். எனவே ஒரே ஒரு பேரிங் வாங்கிவந்தார்.

புதிய பேரிங்கை முந்தின நாள் சாயங்காலமே பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டார். குளிரில் இரும்பு ஒரு மயிரிழை சுருங்கும், சுத்தியால் அடிக்காமலே உள்ளே இறங்கும். ஆனால் ஃப்ரீசரைத் திறந்தால் இடமே இல்லை. சமைத்து அடைத்த டப்பாக்கள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றின்மேலும் ஒரு துண்டுச் சீட்டு. திங்கள், செவ்வாய், புதன் என்று மனைவியின் கையெழுத்து.

"வழியில சாப்பிடறதுக்கு இவ்வளவா? பாதிப் பட்டாளத்துக்கு ஆகும் போலிருக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு டப்பாக்களை நகர்த்திப் பேரிங்கைச் செருகினார். ஐந்து மணி நேரப் பயணத்தில் புதன்கிழமை எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. அவருக்கு மனசெல்லாம் சக்கரத்தில் இருந்தது. ஓய்வு பெற்று ஒரு வருஷமாகிறது. யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பும்போது மனைவியும் தானுமாக எங்காவது நிறுத்தி ஒரு காப்பி குடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். இப்படி ஓர் ஆசை அவருக்கு இருந்தது என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

எட்டு மணிக்கு மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். நாள் முழுக்க இடது சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து, அவனுக்கு வலது கால் சும்மா இருக்கும்போதுகூட பிரேக்கைத் தேடும். வாயும் சும்மா இருக்காது.

"என்ன அத்தான், ஆபரேஷன் ஆரம்பிச்சாச்சா? நோயாளிக்கு மயக்க மருந்து குடுத்தீங்களா?"

"வாய் பேசாம முன்சக்கரத்துக்குக் கட்டையைக் குடுப்பா."

மச்சினன் கட்டையை வைத்தான். ஃபிட்டர் தரையிலேயே சக்கர நட்டுகளைத் தளர்த்தி, வலது பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டை நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டார். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். 'ஸ்ஸ்' என்று பிரேக் லேசாக உரசியது. "பாத்தியா?" என்றார், வெற்றியோடு.

"அது பிரேக் உரசுற சத்தம் மாதிரின்னா இருக்கு" என்றான் மச்சினன்.

"நீ வண்டி ஓட்டக் கத்துக்குடு. வண்டியைப் பத்தி எனக்குக் கத்துக்குடுக்காதே."

மச்சினன் சிரித்துக்கொண்டே சுற்றிவந்து அவருக்கு இடது பக்கமாகக் குந்தினான். ஃபிட்டர் உளியை வைத்து நடு நட்டின் மூடியைத் தட்டித் தட்டி நெம்பிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து மச்சினன் ஏதோ கேட்டான். ஃபிட்டர் ஓரக்கண்ணால் பார்த்தார். உதடு நின்றது. இரண்டு தடவை தலையாட்டினார். "ம்" என்றார். மச்சினனும் சரியென்று விட்டுவிட்டான்.

நடு நட்டு லேசில் அசையவில்லை. ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, இரண்டு பேரும் தொங்கினார்கள். 'டக்' என்று ஒரு சத்தம், நட்டு விட்டுக்கொடுத்தது. பிரேக் டிரம்மைக் கழற்றி வெளியே எடுத்தார். அதன் நடுவில்தான் பேரிங் இறுகி உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்துவைத்திருந்த வளையத்தைக் குறட்டால் நெருக்கி எடுத்தார். டிரம்மைக் கட்டைகள்மேல் கவிழ்த்து, ஒரு பழைய குழாய்த் துண்டை வைத்துச் சுத்தியால் நாலு போடு போட்டார். நாலாவது அடியில் பேரிங் கழன்று தரையில் விழுந்தது. உள்வளையத்தில் அடித்துக் கழற்றினால் அந்தப் பேரிங் அதோடு சரி. நல்லதாக இருந்தாலும் திரும்பப் போட முடியாது.

ஃபிட்டர் அதை எடுத்துத் துடைத்து, இரண்டு விரலை உள்ளே விட்டுச் சுற்றினார்.

அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. நறநறப்பு இல்லை, ஆட்டம் இல்லை, ஒரு மணல் துகள் அளவுக்குக்கூடத் தடங்கல் இல்லை. தேய்ந்த பேரிங் எப்படி இருக்கும் என்று அந்த விரல்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கில் சுற்றிப் பார்த்த விரல்கள். இது இன்னும் ஐந்து வருஷம் ஓடியிருக்கும்.

"என்ன அத்தான், தேஞ்சிருக்கா?"

"ம். போயிடுச்சு."

"குடுங்க பாப்போம்." மச்சினன் கையை நீட்டி வாங்கிச் சுற்றினான். புருவம் ஏறியது. "இது நல்லாத்தானே சுத்துது?"

"சும்மா கையால சுத்தினா அப்படித்தான் இருக்கும். வண்டி பாரம் மேல ஏறினாத்தான் சத்தம் வரும்." பொய் எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள். தொழிற்சாலையில் வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், யாருக்குக் காது குத்தறே என்று கேட்டிருப்பார்.

மச்சினன் அவரையும் பேரிங்கையும் மாறி மாறிப் பார்த்தான். "அத்தான், எதுக்கும் இன்னொரு பேரிங் வாங்கி வச்சுக்கலாமா? ஞாயித்துக்கிழமைதான், ஆனா அந்த பார்ட்ஸ் கடைக்காரர் என்கிட்ட வண்டி பழகினவர். ஒரு ஃபோன் போட்டா வந்து திறந்து குடுப்பார். பதினோரு மணிக்குமேல குடும்பத்தோட வெளியூர் கிளம்பறார், அதுக்குள்ள சொல்லணும்."

மணி பத்தே கால். ஃபிட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். ஆமாம்ப்பா, ஃபோன் போடு, நான் தப்பாச் சொல்லிட்டேன் போலிருக்கு. இதைச் சொன்னால் வானம் இடிந்து விழாது. இரண்டு மணிக்குள் இடது பக்கத்தையும் முடித்துவிடலாம். ஆனால் அடுத்து ஒரு கேள்வி வருமே. உங்களுக்கா அத்தான் பக்கம் தெரியாமப் போச்சு? அந்தக் கேள்வியை நினைத்தார்.

"ஒண்ணும் வேண்டாம். இதுதான். எனக்குத் தெரியும்."

பழைய பேரிங்கை வாங்கித் துணியில் சுற்றி, டூல்ஸ் பெட்டியின் அடியில் போட்டார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "வெந்நீர் கொதிச்சுதா?"

மனைவி கெண்டியோடு வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள், காலையிலிருந்து என்னவோ மடித்துக்கொண்டும் அடுக்கிக்கொண்டும் இருந்தாள். அவர் காட்டிய இடத்தில், டிரம்மின் மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினாள். இரும்பு சூட்டில் விரிய, ஃப்ரீசரிலிருந்து எடுத்த பேரிங் வெள்ளையாகப் பனி பூத்திருக்க, ஃபிட்டர் அதை நேராக வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது. இவ்வளவு அழகாக ஒரு பேரிங்கை யாரும் போடமுடியாது. தேவையில்லாத சக்கரத்தில் போட்டார் என்பதுதான் குறை.

அவள் கெண்டியை வைத்துக்கொண்டு இன்னும் நின்றாள். "நேத்து ஃப்ரீசர்ல வச்சீங்களே, டப்பால எழுதியிருக்கிறதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். இடத்தையெல்லாம் அடைச்சுக்கிட்டு."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

பன்னிரண்டரைக்கு எல்லாம் மாட்டி முடிந்தது. புதிய நட்டு, அதன் உதட்டை உளியால் மடித்து, மூடி, சக்கரம், எல்லாம் கச்சிதம். கையைக் கழுவினார். மகள் குழந்தையோடு பின்சீட்டின் இடது பக்கம் ஏறினாள், மச்சினன் தன் வழக்கமான இடது முன்சீட்டில். மனைவி வேலை இருக்கிறது என்று வரவில்லை.

தெருவைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்ததும் ஃபிட்டர் ஜன்னலை ஏற்றிவிட்டார். வேகம் முப்பது. முப்பத்தைந்து. நாற்பதைத் தாண்டியது.

ஊம்.

அதே உறுமல். அப்போதும் அது வலது பக்கத்திலிருந்துதான் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தன் கையால் உட்காரவைத்த புத்தம்புது பேரிங்கிலிருந்து வந்தது.

"புதுசு இல்லியா, கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும்" என்றார்.

கண்ணாடியில் பார்த்தார். மகள் குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து மறுகையைத் தரையில் வைத்திருந்தாள். நிமிர்ந்து, முன்னால் சாய்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி, அவருடைய வலது காதுக்கு எட்டும்படி உரக்கச் சொன்னாள். "அப்பா, சத்தம் இங்கேர்ந்துதான்பா வருது. என் காலுக்கடியில. மூணு வாரமா இங்கேர்ந்துதான் வருது."

"நீ எதுக்கு கத்தறே? மெதுவாச் சொன்னா கேக்காதா?"

மகள் பின்னால் சாய்ந்துகொண்டாள். மச்சினன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

வீட்டு வாசலில் இடது பின்பக்கத்தைத் தூக்கினார்கள். மச்சினன்தான் சக்கரத்தைச் சுற்றினான். சுற்றின உடனே நறநறவென்று ஓர் அரைப்பு. விரல் வைக்கத் தேவையே இருக்கவில்லை. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பல் ஆடுவதுபோல ஆடியது.

"ஏன்டா, காலையில ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று ஃபிட்டர் எகிறினார். குற்றத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டுமே.

"அட, கேட்டேனே அத்தான்! நட்டு மூடியைத் தட்டிக்கிட்டிருந்தீங்க, பக்கத்துல உக்காந்து கேட்டேன். இடது பக்கத்தையும் சுத்திப் பாத்துட்டீங்களான்னு. நீங்கதானே தலையாட்டி, 'ம்'னு சொன்னீங்க?"

மச்சினன் பார்ட்ஸ் கடைக்காரருக்கு ஃபோன் போட்டான். இரண்டு தடவை போட்டான். அவர் நெடுஞ்சாலையில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார், திரும்பிவர ராத்திரியாகும் என்றார். மணி ஒன்றரை.

ஒருவேளை வாடகைக் கார் வர நேரமாகும் என்று ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் போயிற்று. மூன்றுக்குச் சொன்னது இரண்டே முக்காலுக்கே வந்து நின்றது. வெள்ளைக் கார், சத்தமே இல்லாத கார். ஃபிட்டர் ஸ்டாண்டில் நின்ற தன் காரின் பக்கத்தில், எண்ணெய்க் கையோடு நின்றார்.

மகளின் பெட்டி போயிற்று. குழந்தையின் பைகள் மூன்று, மடக்குத் தொட்டில், பால்பாட்டில் கூடை. அதற்கப்புறம் டிரைவர் உள்ளேயிருந்து பழுப்புநிறப் பெட்டியொன்றைத் தூக்கிவந்தான். பரணில் இருக்கும் பெரிய பெட்டி. மனைவியின் பெட்டி.

"அதை எதுக்குப்பா எடுத்துட்டு வர்றே? இறக்கு, இறக்கு" என்றார் ஃபிட்டர். டிரைவர் குழம்பிப்போய் நின்றான்.

"வைங்க தம்பி, அது என்னுதுதான்" என்று மனைவி வாசலில் வந்து சொன்னாள். வெளியே கிளம்பும் புடவை கட்டியிருந்தாள்.

"நீ எங்கே கிளம்பறே? நான் வண்டி ஓட்டினா கூட வந்துட்டுத் திரும்பறதாத்தானே பேச்சு? நான்தான் போகலியே."

"அப்படி யாரு பேசினா?"

அவர் யோசித்தார். யாரும் பேசவில்லை. அவராக நினைத்துக்கொண்டது.

"ஒரு வருஷம் அவகூட இருந்துட்டு வரேன்" என்றாள். "அவளுக்கு லீவு முடிஞ்சுது. குழந்தையைப் பாத்துக்க ஆள் வேணும். உங்ககிட்ட சொல்லியாச்சு."

"எப்போ சொன்னே?"

"குழந்தைக்கு ஊசி போட்டுட்டு வந்தோமே, அன்னைக்கு. கார்ல. இவளும் பின்னாடிதான் இருந்தா. 'ஒரு வருஷம் போய் இருக்கேன், நீங்க தனியா சமாளிச்சுக்குவீங்களா'ன்னு கேட்டேன். ரெண்டு தரம் தலையாட்டினீங்க. அப்புறம் 'ம்'னு சொன்னீங்க."

மகள் தரையைப் பார்த்தாள். மச்சினன் ஏதோ ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பொங்கி வந்த கோபத்தில் ஃபிட்டருக்கு முகமெல்லாம் சிவந்தது.

"அப்போ அது எனக்குக் கேட்டிருக்காதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னே."

"அன்னைக்குத் தெரியலை. தலையாட்டினீங்க, கேட்டுடுச்சுன்னுதான் நெனச்சேன்." அவள் குரல் ஏறவில்லை. "அன்னைக்கு ராத்திரி பூரா அழுதேன். முப்பது வருஷம் கூட இருந்தவ ஒரு வருஷம் போறேங்கறேன், ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலியே, போகாதேன்னு சொல்லலியேன்னு அழுதேன். மறுநாள் காலையில நீங்க எதுவுமே நடக்காத மாதிரி உக்காந்து சாப்பிடறீங்க. அப்பத்தான் புரிஞ்சுது, கேக்கவே இல்லைன்னு."

"அப்பவாவது திரும்பச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம். என்ன சொன்னேன்னு நீங்க ஒருதரம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேப்பீங்கன்னு தினம் பாத்தேன். டப்பால எல்லாம் கிழமை எழுதி வச்சேன், இது எதுக்குன்னாவது கேப்பீங்கன்னு. இன்னைக்குக் காலையிலகூட நின்னேன்." அவள் நிறுத்தி, முந்தானையை இழுத்துச் செருகினாள். "காது கேக்கலைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வலது பக்கம் வந்து உக்காந்து பேசியிருக்க மாட்டேனா? ஆயுசுக்கும் பேசியிருப்பேனே. நாலு வருஷமா உங்க தலையாட்டலோடதான் குடித்தனம் நடத்தறேன். எனக்குப் போதும்."

என்ன அநியாயம் இது என்று அவருக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. யார் செய்த அநியாயம் என்று யோசித்தால் கத்த முடியவில்லை. நசுங்கின சொம்பு ஏனோ ஞாபகத்துக்கு வந்தது.

"ஃப்ரீசர்ல ரெண்டு வாரத்துக்கு இருக்கு" என்றாள் அவள். "அப்புறம் தம்பி வந்து பாத்துக்குவான்."

மகள் வந்து அவர் கையைப் பிடித்தாள், எண்ணெயைப் பார்க்காமல். "வரேன்பா. பேரிங் மாத்தினதும் ஒருநாள் வாங்க." அவர் தலையாட்டினார். ஆட்டின பிறகுதான் ஆட்டியது உறைத்தது.

மகளும் மனைவியும் ஏறினார்கள். பேத்தியை மனைவி மடியில் வாங்கிக்கொண்டாள். கதவுகள் மூடிக்கொண்டன, கண்ணாடிகள் ஏறின, டிரைவர் ஏசியைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். திருப்புவதற்கு இடமில்லாமல், ஸ்டாண்டில் நின்ற காரைத் தாண்ட முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டிருந்தான்.

ஃபிட்டர் நாலே எட்டில் அந்தக் காரின் பக்கம் போனார். மனைவியின் ஜன்னலுக்கு நேராகக் குனிந்தார். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதது வெளியிலிருந்தே தெரிந்தது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இடது காது கேக்கலை" என்றார் ஃபிட்டர். நாலு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். "சுத்தமா கேக்கலை. நாலு வருஷமா கேக்கலை. நீ போகாதே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிமிர்ந்தாள். அவருடைய உதடுகளைப் பார்த்தாள், அவை நிற்கும்வரை பார்த்தாள். நின்றதும் இரண்டு தடவை மெல்லத் தலையாட்டினாள். கொஞ்சம் பொறுத்து அவள் உதடுகள் ஒருமுறை மூடி அசைந்தன. அது 'ம்' என்பது அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கார் திரும்பிப் போயிற்று.